கார்ப்பரேட்டர் 800-க்குப் பழைய பெட்ரோல் டேங்க் தேடிப் பிடித்த கதை

எங்கள் வீட்டு மாருதி 800, 1996 மாடல். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் இருக்கிற பழைய ரக வண்டி. போன மழைக்காலம் முடிந்த கையோடு காருக்குள் பெட்ரோல் வாசம் வர ஆரம்பித்தது. முதலில் பின்சீட்டில் உட்காருகிறவர்கள்தான் சொன்னார்கள். அப்புறம் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டவே முடியாத நிலைமை.

பெட்ரோல் வாசம் என்றதும் டேங்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது வாசம் வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். ஃபுல் டேங்க் போட்ட அன்றைக்கு மட்டும் வந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுபோனால் கோளாறு மேலே இருக்கிறது. பெட்ரோல் போடும் வாய்க்கும் டேங்குக்கும் நடுவே இருக்கும் தடித்த ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் டேங்கில் பெட்ரோல் அளவைக் காட்டும் ஃப்ளோட் யூனிட்டின் கேஸ்கெட் காய்ந்திருக்கும். இரண்டுமே சில்லறை வேலை. இன்ஜின் ஓடும்போது மட்டும் வாசம் வந்தால், மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயைப் பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயில் கார்ப்பரேட்டர் வண்டிகளில் உறிஞ்சல்தான் நடக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போய் வண்டி இழுக்காமல் திணறும்.

எங்கள் வண்டியில் கால் டேங்க் இருக்கும்போதும் வாசம் குறையவில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் சொட்டு எதுவும் இல்லை. டேங்கின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் தையலோரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கறை, அதில் புழுதி ஒட்டிக் கருத்துப் போயிருந்தது. துணியால் அதைச் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துத் தடவிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வெள்ளைப் பொடியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஈரப் புள்ளி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பட்டாணி அளவுக்கு விரிந்தது.

அந்தக் காலத்து டேங்குகள் இரண்டு தட்டுகளாக அழுத்தியெடுத்த இரும்புத் தகட்டை ஓரத்தில் சேர்த்துப் பற்றவைத்துச் செய்தவை. தகட்டின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். வெளியே அந்தத் தையல் விளிம்பில் சேறு தங்கும். உள்ளே அடித்தட்டில் தண்ணீர் தங்கும். காலி டேங்கின் காற்றில் இருக்கும் ஈரம் இரவில் குளிர்ந்து இறங்குவது எப்போதும் உள்ளதுதான். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலந்து வருகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இழுத்தது அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினம் ஓடும் வண்டிக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வாரக்கணக்கில் நிற்கும் எங்கள் வண்டி மாதிரியான வண்டிக்குத்தான் ஆபத்து.

மெக்கானிக் முதலில் சொன்ன யோசனை பித்தளை வைத்துப் பற்றவைப்பது. "தண்ணி ஊத்திக் கழுவிட்டு வச்சிரலாம் சார், நிறைய பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றார். பண்ணியிருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். நிறைந்த டேங்கில் அந்தக் கலவைக்கு இடமே இல்லை. காலி டேங்கில் தாராளமாக இடம் இருக்கிறது. தையலுக்குள் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூட்டில் மறுபடி ஆவியாகும். ஒருவேளை வேலை நல்லபடியாகவே முடிந்தாலும், ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த தையல் அடுத்த இரண்டு அங்குலத்தில் எப்படி இருக்கும்? எபாக்சி மாவைப் பிசைந்து அடைப்பது வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும். சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புதுசாக அடித்த டூப்ளிகேட் டேங்க் ஒன்றைப் பார்த்தேன். உள்ளங்கையால் அழுத்தினால் பொக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. அதைவிட நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினலே மேல் என்று தோன்றிவிட்டது.

இனிதான் சிக்கல். "800 டேங்க்" என்று கேட்டால் எந்த 800 என்ற கேள்வி வரும். 1983 டிசம்பரில் வெளிவந்த முதல் 800-இன் உடம்பே வேறு. 1986-இல் வந்த வடிவம்தான் முன்முகம் மட்டும் அவ்வப்போது மாறி 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை ஓடியது. இத்தனை வருடமும் பாடி ஒன்றுதானே, எந்த வருட டேங்கும் மாட்டிக்கொள்ளும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 2000-ஐ ஒட்டி இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் முறையே மாறிவிட்டது. கார்ப்பரேட்டர் வண்டியில் பம்ப் இன்ஜின் மேல் இருக்கிறது, கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள உறிஞ்சுகிறது. டேங்கின் மேல் இருப்பது அளவு காட்டும் ஃப்ளோட்டுக்கான சின்னத் துளையும் குழாய்களும் மட்டும். இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கார்ப்பரேட்டருக்குக் கால் பார் அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு மூன்று பார் அளவுக்கு வேண்டும். அந்தப் பம்ப் உள்ளே இறங்குவதற்காக டேங்கின் மேல் வாய் பெரிது, சுற்றிலும் ஸ்க்ரூக்களின் வரிசை வேறு.

எம்.பி.எஃப்.ஐ. டேங்கைக் கார்ப்பரேட்டர் வண்டிக்கு மாட்ட முடியாதா என்றால், முடியும். பெரிய வாயை மூட ஒரு தட்டு வெட்டி, அதில் உறிஞ்சு குழாயும் ஃப்ளோட்டும் பற்றவைத்து, கேஸ்கெட் அறுத்துப் போட்டால் ஆயிற்று. பெட்ரோலுக்கு மேல் கையால் வெட்டிய தட்டு வைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை. சில பேர் உள்ளே இருக்கும் பம்பைக் கழற்றாமல் கரண்ட் மட்டும் கொடுக்காமல் விட்டு, அதன் வழியே உறிஞ்சட்டும் என்கிறார்கள். செத்த பம்புக்குள் இருக்கும் வால்வைத் தாண்டி, கேம் தள்ளும் சின்னப் பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்? ஆல்ட்டோ டேங்க் 35 லிட்டர், கொஞ்சம் அதிகம் பிடிக்குமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதன் வடிவம் வேறு, போல்ட் துளைகள் வேறு. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஆக, டேங்க் தேடுகிறவர் அளந்துகொண்டு போக வேண்டியது டேங்கின் நீள அகலத்தை அல்ல. ஃப்ளோட்டை முன்கூட்டியே கழற்றி, போன வருட தினசரி காலண்டரின் அட்டையில் அதன் விளிம்பையும் ஸ்க்ரூ துளைகளையும் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொண்டேன். துளைகளின் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, ஃப்ளோட் தப்பான திசையில் உட்காராமல் இருப்பதற்காக. அதனால் அட்டையில் முன்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி. பாடியோடு பிடிக்கும் போல்ட் துளைகளின் இடைவெளியை ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். மேல் குழாய்கள் எத்தனை, எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, பெட்ரோல் வாய் எந்தச் சரிவில் இருக்கிறது என்பதற்குப் போனில் படங்கள். கூடவே செல்போன் டார்ச், நூலில் கட்டிய ஒரு சின்னக் காந்தம்.

புதுப்பேட்டை எழும்பூரை ஒட்டி, கூவம் ஓரமாக இருக்கிறது. சென்னையில் வண்டி வைத்திருக்கும் யாரும் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்த்தான் தீர வேண்டிய இடம். ஒரு கடையில் ரேடியேட்டர் மட்டும், அடுத்ததில் கதவுகள் மட்டும், அதற்கடுத்ததில் கியர் பாக்ஸ்கள் எண்ணெய் வழிய அடுக்கிக் கிடக்கும். நடைபாதையில் நடக்கும்போதே நாலு பக்கமும் கேள்வி வரும். நீங்கள் பதில் சொல்லவில்லை என்றால் தொடர்ந்து கேட்பார்கள். சொன்னால் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள்.

"என்ன வண்டி சார்? என்ன வேணும்?"

"எய்ட் ஹண்ட்ரட் டேங்க். கார்ப்பரேட்டர் வண்டி."

"கார்ப்பரேட்டர், எம்.பி.எஃப்.ஐ. எல்லாம் ஒண்ணுதான் சார். டேங்கு அப்படியே சேரும். தைரியமா எடுத்துட்டுப் போங்க."

காலண்டர் அட்டையை எடுத்து அந்த டேங்கின் வாய் மேல் வைத்தேன். அட்டை உள்ளே விழுந்துவிட்டது. கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப இது அது இல்ல சார், பக்கத்துல கேளுங்க" என்று அவரே வழியும் காட்டினார். அந்த அட்டையைப் பார்த்த பிறகு யாரும் என்னிடம் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லவில்லை.

கார்ப்பரேட்டர் டேங்க் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று உள்சந்தில் இருந்த ஒரு பாயிடம் கேட்டேன். "வண்டியே வர்றதில்லையே சார். வந்ததெல்லாம் எப்பவோ வந்துடுச்சு" என்றார். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய்க்கு ஏறியபோது பலர் பழைய 800-களைத் தள்ளிவிட்டார்களாம். அந்த அலையில் வந்த சாமான்கள்தான் இன்னும் மாடியில் கிடக்கின்றனவாம். "டேய், மேல அந்த எய்ட் ஹண்ட்ரட் டேங்கு கெடக்கும் பாரு, ரெண்டையும் எறக்கு" என்று பையனை அனுப்பினார்.

இறங்கிய முதல் டேங்க் பளபளவென்று கறுப்புப் பெயின்டில் இருந்தது. பழைய டேங்கில் புதுப் பெயின்ட் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அடித்தட்டில் இழுத்துக்கொண்டே போனேன். ஒட்டிக்கொண்டே வந்த காந்தம் ஓரிடத்தில், கை அகலத்துக்கு, ஒட்டாமல் நழுவியது. நகத்தால் சுரண்டியதில் பெயின்டுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறப் பட்டி உதிர்ந்தது. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம் சார்" என்று பையனிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது டேங்க் பார்க்கவே சகிக்கவில்லை. மேலெல்லாம் மண், ஓரத்தில் ஒரு நசுங்கல். ஆனால் கம்பெனி போட்ட அடிப்பூச்சு அப்படியே இருந்தது, தையல் விளிம்பு முழுக்கக் கூர்மையாக, உப்பல் இல்லாமல். அட்டை வாயில் அச்சாக உட்கார்ந்தது. கயிற்று முடிச்சுகளும் துளைகளுக்கு நேராக வந்தன. டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் அடித்தட்டு மங்கலான சாம்பல் நிறத்தில், ஒரு மூலையில் மட்டும் டீத்தூள் மாதிரி பழுப்புப் பொடி. அது மேலோட்டத் துரு, கழுவினால் போய்விடும். தகட்டைத் தின்ற துரு என்றால் செதில் செதிலாக எழும்பி நிற்கும். டேங்கைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். பெட்ரோல் அலையாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடு இருக்கும். அது பிடி விட்டிருந்தால் டங்டங்கென்று அடிக்கும். சத்தம் இல்லை. மூக்கை வைத்தால் பழைய பெட்ரோல் வாசம்தான், வார்னிஷ் மாதிரி புளித்த நாற்றம் இல்லை. அந்த நாற்றம் வந்தால் பெட்ரோல் உள்ளேயே வருடக்கணக்கில் கிடந்து கோந்தாகி, உறிஞ்சு குழாயையும் அடைத்திருக்கும். குழாய்களில் ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்கச் சொன்னேன். பாயின் பையன் டயர் காற்றுக் குழாயை லேசாகக் காட்டினான், எல்லா வழியும் திறந்திருந்தன.

"எந்த ஊர் வண்டி பாய்?"

"கோயமுத்தூர் சைடு. முன்னாடி அடி வாங்கின வண்டி. பின்னாடி ஒண்ணும் இல்ல."

எனக்கு வேண்டிய பதில் இதுதான். கடலோரக் காற்றில் வளர்ந்த சென்னை வண்டியும் உள்நாட்டு வண்டியும் அடிப்பாகத் துருவில் ஒன்றாகாது. ஓடிக்கொண்டிருந்தபோது விபத்தில் முன்பக்கம் போய் உடைக்கப்பட்ட வண்டியின் டேங்க், ஓடாமல் ஓரமாக நின்றே செத்த வண்டியின் டேங்கைவிட எப்போதும் மேல்.

3500 சொன்னார். 1500 கேட்டேன். 2200-இல் முடிந்தது. பில் போட்டு, "லீக் இருந்தால் மாற்றித் தரப்படும்" என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். புதுப்பேட்டையில் பில் கேட்டால் ஒருமாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். எங்கிருந்து வந்த சாமான் என்று பின்னால் யாராவது கேட்டால் காட்ட அந்தத் துண்டுக் காகிதம்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் துணி சோப்புத் தூள் போட்ட தண்ணீரால் பலமுறை கழுவி, ஆவி வாசம் போகும்வரை தண்ணீர் நிறைத்து வடித்தேன். பிறகு ஒரு முழம் மெல்லிய சங்கிலியை உள்ளே போட்டு, ஒரு நுனியை வெளியே கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு, தண்ணீரோடு குலுக்கினேன். சிலர் நட்டுகளைக் கைநிறையப் போடுகிறார்கள். தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். மிச்சத் துருவுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, 20 லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோ. ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் வடித்தபோது தண்ணீர் பச்சையும் பழுப்புமாக வந்தது. உடனே ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் ஒரு அலசல், நல்ல தண்ணீரால் ஒரு அலசல், வெயிலில் வாயைக் கீழே கவிழ்த்து வைத்தல். துரு எடுத்த இரும்பு அம்மணமாக இருக்கும், ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்தில் மறுபடி சிவந்துவிடும். காய்ந்த உடனே கொஞ்சம் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2டி ஆயில் கலந்து உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டி வடித்துவிட்டேன். உள்ளே பூசும் கோட்டிங் திரவங்கள் விற்கின்றன. எத்தனாலைத் தாங்காத கோட்டிங் தோல் தோலாக உரிந்து உறிஞ்சு குழாயில் போய் மாட்டும் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நல்ல தகடு இருக்கும்போது அது தேவையும் இல்லை.

லீக் சோதனையைச் சங்கிலிக்கு முன்பே செய்திருக்கலாம் என்று கேட்பார்கள். துரு மறைத்துக்கொண்டிருக்கும் ஓட்டை துரு போன பிறகுதான் வெளியே வரும், அதனால் கழுவிய பிறகு செய்வதே சரி. எல்லாக் குழாய்களையும் ரப்பர் துண்டும் கிளிப்பும் போட்டு அடைத்து, ஒன்றில் மட்டும் டியூப் வால்வ் செருகி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று. அழுத்தம் 2 பி.எஸ்.ஐ., மிஞ்சிப் போனால் 3. கம்ப்ரஸர் பக்கம் போகவே கூடாது. தட்டையான தகட்டில் ஒரு சதுர அடிக்கு 3 பி.எஸ்.ஐ. என்றாலே கிட்டத்தட்ட 200 கிலோ பாரம். டயருக்கு அடிக்கிற 30-ஐக் கொடுத்தால் 2 டன். டேங்க் உப்பித் தையல் பிளந்துவிடும். சோப்பு நுரையைத் தையல் முழுக்க, குழாய் அடிகளில், நசுங்கலைச் சுற்றி பிரஷ்ஷால் தடவினேன். ஒரு குமிழிகூட எழவில்லை. வெளியே கம்பி பிரஷ், ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் கறுப்பு.

மாட்டும் வேலை மெக்கானிக்கோடு சேர்ந்து, திறந்த வெளியில். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பழைய டேங்கிலிருந்த பெட்ரோலைக் கைப்பம்பால் கேனில் இறக்கி, வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிற பழக்கம் எங்கள் மெக்கானிக்குக்கும் இல்லை, அதனாலேயே அவரிடம் போகிறேன். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு வைத்திருந்ததால் எதுவும் உடையவில்லை. டேங்குக்கு அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, நாலு விரல் இறக்கி, மேல் குழாய்களைக் கழற்றி, பிறகு முழுசாக இறக்க வேண்டும். ஏற்றும்போதும் அதே கதைதான் தலைகீழாக. முழுக்க ஏற்றிவிட்டால் மேலே கை நுழையாது.

ஃப்ளோட்டை எங்கள் வண்டியுடையதையே மாற்றிப் போட்டேன். வாங்கிய டேங்கோடு வந்த ஃப்ளோட்டை மல்டிமீட்டரில் வைத்துக் கையால் மேலும் கீழும் ஆட்டியதில் நடுவில் ஓரிடத்தில் அளவு துள்ளியது. அதைப் போட்டிருந்தால் அரை டேங்கில் முள் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். கேஸ்கெட் புதுசு, பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ரப்பர். மெக்கானிக் சிலிக்கான் பேஸ்ட் ட்யூபை எடுத்தார், வேண்டாம் என்றேன். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பிப் பிசுபிசுவென்று கழன்று வந்துவிடும். ஹோஸ்கள் எல்லாமே புதுசு, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகம். பழைய ஹோஸை மடக்கிப் பார்த்தபோது மேல் தோலில் கோடு கோடாக வெடித்திருந்தது. டேங்க் மாற்றும்போது இதை மாற்றாமல் விட்டால் அடுத்த மாதமே மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

டேங்குக்குள் காற்று போகும் குழாய் மடங்காமல் போகிறதா என்று கண்ணால் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். அது நெரிந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, வேகமெடுக்கும்போது வண்டி மூச்சுத் திணறி நிற்கும்; மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். பெட்ரோல் வாயின் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருந்தாலோ பங்கில் துப்பாக்கி டக்டக்கென்று நின்று நின்று ஊற்றும். பங்கில் இருக்கிற பையன் உங்களை முறைப்பான்.

முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, கீழே செய்தித்தாளை விரித்து ராத்திரி விட்டோம். காலையில் தாளில் கறை இல்லை. கேம் தள்ளும் பம்ப் காலிக் குழாயை நிரப்பக் கொஞ்சம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. விட்டு விட்டு அடித்தோம், பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் நல்லது. அப்புறம் ஃபுல் டேங்க், பாலத்தின் ஏற்றத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி மேல் கேஸ்கெட்டைச் சோதித்தோம். வாசம் இல்லை.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபில்டரை வேண்டுமென்றே போட்டிருந்தேன். முதல் வாரத்தில் அடியில் மெல்லிய பழுப்புக் கோடு படிந்தது, மாற்றினேன். அடுத்தது மாதக்கணக்கில் ஓடியும் சுத்தமாகவே இருக்கிறது. பழைய டேங்கைத் தண்ணீர் நிறைத்தபடியே காயலான் கடைக்குக் கொண்டுபோய், கேஸ் கட்டர் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரோடு சேர்த்து எடை போடட்டுமா என்று கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.